போருக்கு முந்தைய புஷெஹர் துறைமுகம்: சரக்கு, சுங்கம், பொதி, தொழில் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரசீக வளைகுடாவின் வடகரையில், ஃபார்ஸ் மாகாணத்துக்குக் கடல்வாசலாக இருந்த ஊர் புஷெஹர். பழைய ஆங்கிலேய ஆவணங்களில் 'புஷையர்' என்று இருக்கும். நீராவிக் கப்பல்கள் ஒழுங்காக வரத் தொடங்கிய 1860-கள் முதல் முதல் உலகப் போர் மூண்ட 1914 வரை அங்கே வணிகம் எப்படி நடந்தது என்பது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

புஷெஹர் எப்படிப் பெரிய துறைமுகம் ஆனது?

1734-ல் நாதிர் ஷா தன் கடற்படைக்கு இடம் தேடியபோது இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார். 1763-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை அமைக்க அனுமதி பெற்றது. ஷிராஸுக்கும், அதைத் தாண்டி இஸ்ஃபஹானுக்கும் போகிற பாதை இங்கே கடலைத் தொட்டது. துறை நல்ல துறை என்பதால் யாரும் வரவில்லை. பாதை இங்கே முடிந்ததால்தான் வந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

கப்பல் கரைவரை வருமா?

வராது. ஊரைச் சுற்றிக் கடல் ஆழமில்லை. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து 3 மைலுக்கும் மேல் தள்ளி வெளித்துறையில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஒவ்வொரு மூட்டையும் சரக்குத் தோணியில் இறங்கித்தான் ஊருக்குள் வரவேண்டும். பழைய தூத்துக்குடியில் கப்பல் கடலில் நிற்கத் தோணிகள் போய்வந்ததை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

வெளித்துறைக்கு மறைப்பு கிடையாது. வடமேற்கிலிருந்து அடிக்கும் 'ஷமால்' காற்று கோடைத் தொடக்கத்தில் நாள்கணக்கில் ஓயாது. குளிர்காலத்தில் தென்கிழக்கிலிருந்து 'கவுஸ்' காற்று திடீரென்று கிளம்பும். இரண்டில் எது வீசினாலும் தோணி கப்பலோடு ஒட்டி நிற்க முடியாது. தபால் கப்பலுக்கு நாள் குறித்திருப்பதால், காற்று அடங்கும்வரை காத்திருக்காமல் மீதிச் சரக்கோடு பஸ்ராவுக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் இறக்குவதும் உண்டு. கணக்கில் 10 சிப்பம், கையில் 6 சிப்பம் என்றால் மீதி 4 திருடுபோனதாக உடனே முடிவுகட்டக் கூடாது. அவை பஸ்ரா போய்வந்துகொண்டிருக்கலாம்.

கப்பலிலிருந்து கிட்டங்கிவரை என்னென்ன படிகள்?

முதலில் சுகாதாரச் சோதனை. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவிய பிறகு, அங்கிருந்து வரும் கப்பலுக்கு இது கட்டாயம் ஆனது. மருத்துவர் பார்த்து அனுமதி தரும்வரை தோணி கப்பலை நெருங்கக் கூடாது. பயணிகளைத் தனியே நிறுத்திவைப்பார்கள்.

அடுத்து எண்ணி இறக்குதல். கப்பல் முகவரின் கணக்கர் ஒருவர் கப்பல் தட்டில் நின்று சிப்பம் சிப்பமாகக் குறித்துக்கொள்வார். கரையில் இறக்கும்போது மறுபடியும் எண்ண வேண்டும். இந்த இரண்டு கணக்கும் அன்றைக்கே ஒத்துப்போக வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும், குறைந்தது கப்பலிலா தோணியிலா கரையிலா என்பதை நிரூபிக்க வழி கிடையாது.

தோணிக்கு மேல்மூடி இல்லை. அலை தெறித்துத் துணிச் சிப்பத்தின் ஒரு மூலை நனைந்தால், வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே பூஞ்சை கிளம்பிவிடும். அனுபவப்பட்ட வியாபாரி சுங்கச் சாவடியிலேயே சிப்பத்தின் நான்கு மூலைகளையும் கையால் அழுத்திப் பார்ப்பார். ஈரம் தெரிந்தால் அங்கேயே பிரித்துச் சேதத்தைப் பதிவுசெய்து சான்று வாங்குவார். மலைக்கு மேல் போனபிறகு கேட்டால் காப்பீட்டுக்காரர் ஏற்கமாட்டார்.

பிறகு சுமைகூலிகள். 'ஹம்மால்' என்று பெயர். முதுகில் ஒரு திண்டு வைத்து, நெற்றியிலோ தோளிலோ வார் மாட்டிச் சுமப்பார்கள். சுங்கம் தீர்ந்ததும் சரக்கைச் சராய் எனப்பட்ட வணிகர் விடுதிக்கோ கிட்டங்கிக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இவர்கள்தான்.

சுங்கம் எவ்வளவு?

இதற்கு 1903-க்கு முன், பின் என்று இரண்டு பதில்கள் உண்டு.

முன்பு வெளிநாட்டு வியாபாரிக்கு மதிப்பில் 5 சதவீதம். 1828-ல் துர்க்மன்சாய் உடன்படிக்கையில் ரஷ்யர் பெற்ற சலுகை இது. 1841-ல் பிரிட்டிஷாரும் அதைப் பெற்றார்கள். உள்ளூர் வியாபாரி துறைமுகத்தில் குறைவாகக் கொடுத்து, வழியெங்கும் 'ராஹ்தாரி' எனப்பட்ட பாதைவரி கட்டினார். சுங்கச் சாவடியே குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. குத்தகைக்காரருக்குச் சரக்கு தன் துறைக்கு வரவேண்டும் என்ற ஆசை. அதனால் பேரம் பேசினால் குறைத்துக்கொள்வார். எழுதப்பட்ட விகிதம் ஒன்று, வாங்கிய விகிதம் வேறு.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசஃப் நாவுஸ் 1898-ல் பாரசீகம் வந்து சுங்கத்தைச் சீரமைக்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் வளைகுடாத் துறைகளும் பெல்ஜிய அதிகாரிகளின் கைக்கு வந்தன. ரஷ்யாவோடு பேசி முடித்த புதிய விகிதம் 1903 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான சரக்குக்கு மதிப்பை விட்டு எடைக்கு வரி. ரஷ்யாவிலிருந்து வடக்கு வழியே வரும் சரக்குகளுக்குக் குறைவு. இந்தியாவிலிருந்து வரும் தேயிலைக்கு மிகக் கடுமை. தெற்கு வியாபாரிகள் கொதித்ததில் நியாயம் இருந்தது.

எடைக்கு வரி என்றால் மலிவான தேயிலையும் உயர்ந்த தேயிலையும் ஒரே தொகை கட்டும். மலிவான சரக்கின் மேல்தான் அடி பலமாக விழும். பெட்டி எடை, ஈய உறை எடை, கோணி எடை எதைக் கழிப்பது என்பதில் தினமும் சச்சரவு. ஈரமான சர்க்கரை எடை கூடி நிற்கும், வரியும் கூடும். அதனால் மழைநாளில் இறங்கிய சர்க்கரையை உடனே நிறுக்க விடாமல் நாள் கடத்திப் பார்ப்பார்கள்.

கிழக்கே இருந்த லிங்கே துறைக்கு இந்த மாற்றம் பேரிடி. கரை விட்டுக் கரை மாற்றும் வணிகத்தையே அது நம்பியிருந்தது. அங்கிருந்து பல வணிகக் குடும்பங்கள் எதிர்க்கரையில் சுங்கம் இல்லாத துபாய்க்குக் குடிபெயர்ந்தன. துபாயின் பழைய பஸ்தகியா குடியிருப்பு, லிங்கேக்கு உள்நாட்டில் இருக்கும் பஸ்தக் என்ற ஊரின் பெயரைச் சுமந்து நிற்கிறது.

ஏன் எல்லாச் சிப்பமும் ஏறக்குறைய ஒரே எடை?

கோவேறு கழுதையால்! புஷெஹர் வணிகத்தின் சட்டம் எழுதப்பட்டது அதன் முதுகில்தான்.

ஷிராஸுக்கு வண்டிப்பாதை கிடையாது. ஒரு கோவேறு கழுதை மலைப்பாதையில் சுமப்பது 130 முதல் 140 கிலோ. அதை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று தொங்கவிட வேண்டும். ஆக ஒரு சிப்பம் 65 முதல் 70 கிலோ. மான்செஸ்டரில் துணியை அழுத்தி இரும்புப் பட்டை போடுகிறவர் பாரசீகத்துக்கு என்று தெரிந்தால் இந்த எடைக்குத்தான் கட்டுவார். அபினிப் பெட்டியும் அப்படியே: ஒன்று 60 கிலோவுக்குச் சற்று மேல், இரண்டு பெட்டி ஒரு பொதி.

100 கிலோவில் ஒரே சிப்பமாக வந்தால்? ஒரு பக்கம் மட்டும் தொங்கவிட முடியாது. நடுவில் முதுகெலும்பின் மேல் வைத்தால் புண்ணாகிவிடும். புஷெஹரிலேயே பிரித்து மறுபடி கட்ட வேண்டும். அழுத்து இயந்திரத்தில் கட்டியதைக் கையால் கட்டினால் அதே துணி பருமன் பெருத்துப்போகும், குறுகலான இடத்தில் பாறையில் உரசும். இயந்திரப் பாகம், பியானோ, கண்ணாடி போன்றவற்றுக்குத் தனிக் கூலி பேசி, ஆள்சுமையாகவோ இரண்டு விலங்குக்கு நடுவே கழி கட்டியோ கொண்டுபோக வேண்டியிருந்தது.

எடை மட்டும் சரியாக இருந்தால் போதாது. இரண்டு பக்கமும் 5 கிலோ வேறுபட்டால் சேணம் ஒரு பக்கம் சரியும், இரண்டாம் நாள் தோல் உரியும், நான்காம் நாள் விலங்கு படுத்துவிடும். அதனால் கூட்டத் தலைவர் சிப்பங்களை வரிசையாக வைத்து, கையால் தூக்கிப் பார்த்தே இணை சேர்ப்பார். ஏற்றும்போது இருவர் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். ஒருவர் முந்தினாலும் விலங்கு திமிறும். இரும்புப் பட்டையின் கூர்முனை விலாவில் படாமல் நடுவே கம்பளித் துண்டு. ஆட்டுமயிர்க் கயிற்றால் கட்டு. லாடமும் வேறு மாதிரி: நடுவில் சிறு துளை மட்டும் விட்டுக் குளம்படி முழுவதையும் மூடும் தகடு. கூரான கல் நிறைந்த பாதைக்கு அதுதான் பொருத்தம்.

ஷிராஸ்வரை பாதை எப்படி?

ஏறத்தாழ 290 கிலோமீட்டர். பொதியோடு 10 முதல் 12 நாள்.

முதல் தடை ஊர் வாசலிலேயே. புஷெஹர் இருப்பது ஒரு தீபகற்ப முனையில். உள்நாட்டோடு இணைக்கும் தாழ்ந்த உப்புச் சேற்றுவெளிக்கு 'மஷீலே' என்று பெயர். காய்ந்த நாளில் நடக்கலாம், மழை பெய்தால் விலங்கு வயிறுவரை புதையும். அப்போது சரக்கைப் படகில் ஏற்றி உள்கழி தாண்டி ஷீஃப் என்ற இடத்தில் இறக்கி, அங்கே விலங்குகளைச் சேர்த்துக்கொள்வார்கள். படகுக்கூலி கூடுதல்தான், ஆனாலும் மழைக்காலத்தில் அதுவே மிச்சம்.

பிறகு அஹ்மதி, பொராஸ்ஜான். பொராஸ்ஜானில் முஷீருல் முல்க் கட்டிய பெரிய கல்சராய் இன்றும் நிற்கிறது. இதுவரை சமவெளி, பேரீச்சந்தோப்பு, தாங்க முடியாத வெயில். கோடையில் இரவில்தான் நடை. அடுத்து தாலிக்கி. கந்தக ஊற்றும் கசியும் நிலக்கீலுமாக மூக்கைத் துளைக்கும் இடம். ஹாட்ஸ் என்ற டச்சு நிறுவனம் 1880-களில் இங்கே எண்ணெய்க்குத் துளைபோட்டுப் பார்த்துக் கைவிட்டது.

தாலிக்கி தாண்டியதும் கணவாய்கள். 'கோத்தல்' என்று பெயர். கோத்தல்-எ-மலூ ஏறினால் கொனார் தக்தே. இன்னொரு ஏற்றம் ஏறினால் கமாரிஜ். பிறகு காஸெரூன் சமவெளியில் மூச்சு வாங்கலாம். அதற்கப்பால் கோத்தல்-எ-துக்தர், அதாவது பெண் கணவாய். மதில் கட்டிய வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து ஏறும். அடுத்தது கோத்தல்-எ-பீர்ஸன், கிழவி கணவாய். உச்சி ஏறத்தாழ 2,200 மீட்டர். அதன்பின் தஷ்தெ அர்ஜன், கானெ ஸென்யான், சனார் ராஹ்தார், கடைசியில் 1,500 மீட்டர் உயரத்தில் ஷிராஸ்.

கிழவி கணவாயின் உச்சியில் குளிர்காலத்தில் பனி. கடற்கரையில் கோடையில் தீ. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கஷ்காய் மேய்ச்சல் குடிகள் மந்தைகளோடு இடம் மாறுவதால் பாதை அடைபடும். வசந்தத்தில் பொதிக்காரர்களே விலங்குகளைப் புல்லுக்கு ஓட்டிப்போய்விடுவார்கள். கூலிக்கு விலங்கு கிடைக்காமல் கிட்டங்கியில் சரக்கு குவிவது பெரும்பாலும் அப்போதுதான். 'இவ்வளவு நாளில் சேரும்' என்று மாதத்தைச் சொல்லாமல் வாக்குக் கொடுத்தவர் மாட்டிக்கொள்வார்.

பொதிக்காரரோடு ஒப்பந்தம் எப்படி?

பொதிக்காரர் 'சார்வதார்'. கூலி 100 தப்ரீஸ் மன் எடைக்கு இவ்வளவு என்று பேசப்படும். 'பார்நாமே' என்ற சரக்குச் சீட்டில் சிப்ப எண்ணிக்கை, குறி, எடை, கூலி, முன்பணம், சேரவேண்டிய ஆள் எல்லாம் எழுதி முத்திரை வைப்பார்கள். கூலியில் ஒரு பங்கு புஷெஹரில், மீதி ஷிராஸில் சரக்கு சரியாகச் சேர்ந்தபின். முழுவதையும் முன்னதாகக் கொடுத்தால், நல்ல கூலி கிடைத்த இன்னொரு சரக்கை ஏற்றிக்கொண்டு உங்கள் சிப்பத்தை ஏதாவது சராயில் இறக்கிவைத்துவிடும் அபாயம் உண்டு. பொதுவாகச் சார்வதார்கள் நாணயமானவர்கள். கொள்ளையில் இழந்தது பலமுறை, தாங்களே எடுத்தது அரிது.

மன், கார்வார் என்றால் இன்றைய கணக்கில் எவ்வளவு?

தப்ரீஸ் மன் 640 மித்கால் (மித்கால் என்பது சிறு எடை அளவு), ஏறத்தாழ 2.97 கிலோ. ஷா மன் அதன் இரட்டிப்பு, 5.94 கிலோ. 100 தப்ரீஸ் மன் ஒரு கார்வார், சுமார் 297 கிலோ. சொல்லின் பொருள் கழுதைச்சுமை. ஆனால் எந்தக் கழுதையும் அதைச் சுமக்காது. இவை போகப் புஷெஹரில் மொத்தச் சரக்குக்கு ஹாஷிமி மன் என்று 50 கிலோவைத் தாண்டிய வேறொரு அளவு. பழைய கணக்கில் வெறும் 'மன்' என்று இருந்தால், எந்த ஊர், எந்தச் சரக்கு என்று பார்க்காமல் கிலோவுக்கு மாற்றாதீர்கள்.

பணம்?

20 ஷாஹி ஒரு கிரான், 10 கிரான் ஒரு தூமான். 1877-க்கு முன் ஊருக்கு ஊர் சுத்தியலால் அடித்த நாணயம், எடை ஒத்துப்போகாது. அதனால் ஸர்ராஃப் எனப்பட்ட நாணய மாற்றுக்காரர் இல்லாமல் பெரிய கொடுக்கல் வாங்கல் நடக்காது. பிறகு தெஹ்ரானில் இயந்திர நாணயம் வந்தது. துறைமுகத்தில் இந்திய ரூபாயும் தாராளமாகப் புழங்கியது.

1889-ல் தொடங்கிய பாரசீக இம்பீரியல் வங்கியின் நோட்டில் எந்த ஊரில் மாற்றலாம் என்று அச்சிட்டிருக்கும். புஷெஹர் நோட்டைப் புஷெஹரில்தான் முழு மதிப்புக்கு வெள்ளியாக்கலாம். கழுதை மேல் வெள்ளி போகும் நாட்டில் வேறு வழி இல்லை: எல்லாக் கிளையிலும் எல்லா நோட்டுக்கும் வெள்ளி வைத்திருக்க முடியாது.

பெரிய வியாபாரம் உண்டியலில், அதாவது வேற்றூரில் பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் சீட்டில், நடந்தது. அபினி அனுப்பியவருக்கு வெளியூரில் பணம் சேரும். துணி வாங்கியவருக்கு அங்கே பணம் வேண்டும். இருவரையும் இணைப்பது பம்பாய் மேல் எழுதிய உண்டியல். ஏற்றுமதி மந்தமானால் உண்டியல் விலை ஏறும், இறக்குமதிக்காரர் தவிப்பார்.

உலகச் சந்தையில் வெள்ளி சரிந்ததுதான் பலரை மூழ்கடித்தது. 1870-களில் ஒரு பிரிட்டிஷ் பவுனுக்கு (பவுண்டுக்கு) 25 கிரான் அளவில் இருந்தது, நூற்றாண்டு முடிவில் 50-ஐத் தாண்டியது. பவுனில் கடன்பட்டுத் துணி வாங்கி, ஷிராஸ் கடைக்காரருக்குக் கிரானில் மாதக்கணக்குத் தவணைக்கு விற்றவருக்கு, பணம் வந்துசேர்வதற்குள் லாபம் கரைந்துவிடும்.

என்ன வந்தது?

பருத்தித் துணி முதலில். வெளுக்காத துணி, அச்சுத் துணி, சாய நூல். அடுத்து சர்க்கரை, தேயிலை. தெற்குப் பாரசீகத்துக்கு மார்செய்ல்ஸிலிருந்து கூம்பு வடிவக் கட்டிச் சர்க்கரை வந்தது. காகிதம் சுற்றிய அந்தக் கூம்பைச் சிறு சுத்தியலால் உடைத்துப் பயன்படுத்துவார்கள். தேயிலை பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, ஈயத்தகடு உள்வைத்த பெட்டியில். தேயிலைக்கு எதிரி இரண்டு: ஈரம், அயல் வாசனை. பெருங்காயமோ பச்சைத் தோலோ கிடந்த தோணியில் ஏற்றினால் பெட்டி மூடியிருந்தாலும் கெடும். இவற்றோடு அவுரி, மிளகு, செம்பு, இரும்பு, மண்ணெண்ணெய்.

என்ன போனது?

அபினிதான் மதிப்பில் தலைமை. இஸ்ஃபஹான், யஸ்த், ஃபார்ஸ் வயல்களிலிருந்து வந்தது. சீனச் சந்தைக்குப் போனதில் ஆளிவிதை எண்ணெய் சேர்த்துப் பிசைவது வழக்கம். லண்டன் மருந்துச் சந்தை கலப்பில்லாததைத்தான் கேட்டது, மார்ஃபின் அளவு சோதித்தே விலை தந்தது. கலந்த சரக்கை லண்டனுக்கு அனுப்பியவருக்குப் பெட்டியே திரும்பி வரும். ஒரு நாட்டின் ஏற்றுமதி இன்னொரு நாட்டு மக்களின் அடிமைப்பழக்கத்தில் நின்றது என்பதை இங்கே சொல்லாமல் விடமுடியாது. 1912 ஹேக் உடன்படிக்கையோடு அந்த வணிகத்தின் மேல் உலகக் கண் விழுந்தது.

கத்தீரா பிசின் இன்னொரு நல்ல சரக்கு. மலைச்சரிவில் வளரும் முட்புதரின் அடியைக் கீறினால் நாடா நாடாக வடிந்து காயும். துணி அச்சுக்கும் மருந்துக்கும் மிட்டாய்க்கும் ஐரோப்பா வாங்கியது. விலை முழுக்க நிறத்தில். வெள்ளை நாடா உச்சம், பழுப்புத் துண்டு அடிமட்டம். மண், பட்டைத்துகள் ஒட்டியதைத் தனியே எடுத்து, நிறவாரியாகக் கையால் பிரிப்பது துறைமுகத்தில் பலருக்குப் பிழைப்பு. பிரிக்காமல் அனுப்பினால் மொத்தமும் அடிமட்ட விலைக்குப் போகும்.

கம்பளம், கம்பளி, பாதாம், ஹூக்காவுக்கான 'தன்பாக்கு' புகையிலை, பேரீச்சை, விளைச்சல் நன்றாக இருந்த ஆண்டுகளில் கோதுமை. கோதுமை வியாபாரம் ஒரு சூதாட்டம்: மழை பொய்த்தால் அரசு ஏற்றுமதியைத் தடைசெய்யும், ஏற்றத் தயாராக இருந்த குவியல் கரையில் கிடக்கும். கம்பளத்தில் கவனிக்க வேண்டியது அனிலைன் என்ற செயற்கைச் சாயம். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பது பஜார் சோதனை. ஒட்டினால் விலை பாதி.

பன்னீரும் போனது, ஷிராஸ் பக்கத்திலிருந்து. வைக்கோல் சுற்றிய பெரிய கண்ணாடிக் குடுவைகளில் வரும். பெயர் 'கராபே'. ஆங்கிலத்தின் 'கார்பாய்' அந்தச் சொல்லிலிருந்து போனதுதான். கணவாயில் ஒரு விலங்கு சறுக்கினால் பாதை முழுக்க மணக்கும், வியாபாரிக்குக் கண்ணீர்.

குதிரைகள் பம்பாய்க்குப் போயின. இதன் வேர் ஆழமானது. பாண்டியர் காலத்தில் இதே வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து காயல் துறைக்குக் குதிரை இறங்கியதை மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் பதிந்திருக்கிறார்கள்.

நம் சமையலறைப் பெருங்காயம் புஷெஹர் வழியாகத்தான் வந்ததா?

பெரும்பகுதி இல்லை. அது லாரிஸ்தான், கெர்மான் பக்கத்துச் சரக்கு. அங்கிருந்து கிட்டிய கடல் பந்தர் அப்பாஸ். அதன் வழியாகவே பம்பாய் போய், அங்கிருந்து தெற்கே வந்தது. செடியின் வேர்த்தலையைச் சீவிச் சீவி வடியும் பாலைச் சேர்ப்பார்கள். அசல் பாலின் வீரியம் தாங்காது என்பதால் இந்தியாவில் பிசினும் மாவும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயம் ஆக்குகிறோம்.

ஊருக்கென்று சொந்தத் தொழில் இருந்ததா?

ஆலைத்தொழில் என்று பெரிதாக இல்லை. கைத்தொழிலில் முதலிடம் படகுகட்டலுக்கு.

மரம் மலபார் தேக்கு. கயிறும் அந்தக் கரையின் தேங்காய்நார். முதலில் ஏராக்கட்டையைக் கிடத்தி, முன்னும் பின்னும் தூண் நிறுத்தி, வெளிப்பலகையை ஏற்றிக்கொண்டே போவார்கள். உள்விலா பலகைக்குப் பின்தான் வரும். வரைபடம் கிடையாது, தலைமை ஆசாரியின் கண்ணும் கயிறும்தான் அளவு. கேரளத்துப் பேப்பூரில் உரு எனும் மரக்கப்பல் கட்டுவதைப் பார்த்தவர்கள் இதே முறையை அங்கே பார்த்திருப்பார்கள். இரும்பு ஆணியின் தலைக்கடியில் எண்ணெயில் நனைத்த நாரைச் சுற்றி அடிப்பார்கள். சுற்றாவிட்டால் ஆணியைச் சுற்றி நீர் கசிந்து துரு ஏறி, ஒரு சில ஆண்டில் துளை பெருகிவிடும்.

பலகை இடுக்கில் எண்ணெய்ப் பஞ்சுத்திரியை உளியால் திணிப்பது கலப்பத்து. நம் கடற்கரையிலும் அதே சொல். அரபியில் அந்த வேலைக்காரர் 'கல்லாஃப்'. நீர்மட்டத்துக்கு மேலே சுறா ஈரல் எண்ணெய், நாற்றம் தெரு முழுக்க வீசும். நீர்மட்டத்துக்குக் கீழே சுண்ணாம்பும் விலங்குக் கொழுப்பும் குழைத்த பூச்சு. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவுக்கு அதுதான் மருந்து. வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரில் புழு வேகமாகப் பெருகும். அதனால் பெரிய அலையேற்றத்தில் படகைக் கரையேற்றி, நீர் வடிந்ததும் சுரண்டிக் காயவைத்து மறுபடி பூசுவார்கள். அந்த முறையைத் தவறவிட்டால் வெளியே முழுசாகத் தெரியும் பலகை உள்ளே சல்லடையாக இருக்கும்.

இதோடு மீன் உப்பிடுதல், பிசினும் கம்பளியும் பிரித்துக் கட்டுதல், பொன் வெள்ளி வேலை. பாதையோரக் காஸெரூன் 'மலெக்கி' என்ற காலணிக்குப் பேர்போனது.

வீடுகள் ஏன் ஒடுக்கமான அறைகளோடு இருந்தன?

உத்தரமாகப் போட்டது கிழக்கு ஆப்பிரிக்கக் கண்டல் மரக் கழி, 'சந்தல்' என்பார்கள். அதன் நீளத்துக்கு மேல் அறை அகலமாக முடியாது, ஏறத்தாழ 3 மீட்டர். சுவர் கடற்சிப்பி கலந்த உள்ளூர்க் கல். எளிதில் வெட்டலாம், எளிதில் உதிரும், ஆகவே ஓயாத பூச்சுவேலை. குடிநீர் இன்னொரு துயரம். ஊர்க்கிணறு உப்பு. பணமுள்ளவருக்குச் சில மைல் தள்ளிய கிணற்றிலிருந்து கழுதைமேல் தோல்பையில் நீர் வரும். மற்றவர்களுக்கு மழைநீர்த் தொட்டிகள்.

யாருடைய கையில் வணிகம்?

முயீனுத் துஜ்ஜார் போன்ற பெரும் பாரசீக வணிகர்கள் முன்வரிசையில். ஹோர்முஸ் தீவின் செங்காவி மண் உரிமை அவர் கையில் இருந்தது. முதல் நாடாளுமன்றத்திலும் அமர்ந்தவர். ஆர்மீனியரான மால்கம் குடும்பம், பிரிட்டிஷ் கிரே பால் நிறுவனம், 1874-லிருந்து டச்சு ஹாட்ஸ். ஜெர்மானிய வாங்க்ஹவுஸ் 1897-ல் லிங்கேயில் சிப்பி வாங்கத் தொடங்கிப் பின்னர் புஷெஹரிலும் கடை விரித்தது. 1906-ல் ஹாம்பர்க் கப்பல்கள் வரத் தொடங்கியதும் சரக்குக்கட்டணம் இறங்கியது. 1862-லிருந்து பம்பாய்த் தபால் ஒப்பந்தத்தோடு வந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனிக்கு அப்போதுதான் உண்மையான போட்டி.

1864-ல் கடலடித் தந்தி வந்த பிறகு பம்பாய் விலை அன்றே தெரிந்தது. செய்தி நொடியில் வந்தது, சரக்கு பழைய வேகத்திலேயே நகர்ந்தது. இலாபமும் நட்டமும் அந்த இடைவெளியில்தான்.

போருக்கு முந்தைய ஆண்டுகளில் பாதை ஏன் சீர்குலைந்தது?

1906 அரசியலமைப்புப் புரட்சிக்குப் பின் தெஹ்ரானின் கை தெற்கே எட்டவில்லை. சட்டத்தில் ஒழிந்த ராஹ்தாரியைப் பாதையோரக் கான்கள், அதாவது உள்ளூர்த் தலைவர்கள், தொடர்ந்து வசூலித்தார்கள். ஒருவருக்குக் கட்டினால் அடுத்தவர் பகுதியில் அந்தச் சீட்டு செல்லாது. 1909-ல் பக்கத்துத் தங்கெஸ்தான் பகுதி ஆட்கள் புஷெஹர் சுங்கச் சாவடியையே பிடித்தார்கள், பிரிட்டிஷ் மாலுமிகள் கரையிறங்கினர். 1910 அக்டோபரில் மூன்று மாதத்தில் பாதையைச் சரிசெய்யக் கெடு விதித்தது பிரிட்டன். 1911-ல் ஸ்வீடன் அதிகாரிகளின் கீழ் காவல்படை உருவானது, இந்தியக் குதிரைப்படை ஒன்றும் வந்தது. அப்படியும் 1912 டிசம்பரில் அந்தக் குதிரைப்படையின் அதிகாரி ஒருவர் இந்தப் பாதையில் கொல்லப்பட்டார். இத்தனை ஆண்டும் பொதிக்கூலி ஏறிக்கொண்டே போனது. சரக்கு வடமேற்கே மொஹம்மரா, அஹ்வாஸ் ஊர்கள் வழியைத் தேடத் தொடங்கியது.

போர் வந்ததும் என்ன நடந்தது?

1915 ஆகஸ்ட் 8-ல் பிரிட்டன் புஷெஹரைப் பிடித்தது. பாரசீகத் தபால்தலைகள் மேல் ஆக்கிரமிப்பு முத்திரை குத்தி விற்றார்கள், அக்டோபர்வரை. எதிர்த்து நின்ற தங்கெஸ்தானின் ரயீஸ் அலீ தெல்வாரி செப்டம்பரில் கொல்லப்பட்டார். மலைப்பாதை அடைபட்டது. போரின் முடிவில் பொராஸ்ஜான்வரை படைக்காக ஒரு சிறு ரயில்பாதை போட்டார்கள், சில ஆண்டிலேயே பிடுங்கியும் விட்டார்கள். நாட்டின் பெரிய ரயில்பாதை 1938-ல் முடிந்தபோது அது கடலைத் தொட்டது புஷெஹரில் இல்லை, பந்தர் ஷாபூரில்.